மூடப்பட்ட கல்லூரியின் பாடத்திட்டத்துக்கு யாரிடம் சான்று பெறுவது?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து என் தங்கைக்காக எழுதுகிறேன். ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமாவை 2022-இல் 3.21 புள்ளிகளுடன் முடித்த அவள், வேலை பார்த்துக்கொண்டே இப்போது இளங்கலைப் பட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இடம் கிடைத்துவிட்டது. ஆனால் டிப்ளோமா பாடங்களுக்குக் கிரெடிட் மாற்றம் (ஏற்கெனவே படித்த பாடத்தைப் பட்டப்படிப்பில் மீண்டும் படிக்காமல் கணக்கில் சேர்ப்பது) தர வேண்டுமானால், டிப்ளோமா பாடத்தின் உள்ளடக்கமும் அதற்கு ஈடான பட்டப்படிப்புப் பாடத்தின் உள்ளடக்கமும் 80 விழுக்காடு ஒத்திருப்பதைக் காட்ட, கல்லூரி முத்திரையிட்ட பாடத்திட்டத்தை இம்மாத இறுதிக்குள் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்தக் கல்லூரியோ சென்ற ஆண்டே மூடப்பட்டுவிட்டது.

நேரில் போனோம், கட்டடத்தில் இப்போது மரச்சாமான் கடை இருக்கிறது. மூன்று மின்னஞ்சல்களும் திரும்பி வந்தன. பழைய விரிவுரையாளர் ஒருவர் தம்மிடமிருந்த பாடக் குறிப்புகளை அன்போடு அனுப்பினார், முத்திரை இல்லாததால் அவை ஏற்கப்படவில்லை. உயர்கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்கியூஏவின் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருப்பதை அச்சிட்டுக் காட்டியபோது, அது படிப்பின் அங்கீகாரத்துக்குத்தான் சான்று, பாடங்களுக்கு அல்ல என்றார்கள், அதுவும் நியாயமே.

முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்கலாம்தான். ஆனால் டிப்ளோமாவுக்கு வாங்கிய பிடிபிடிஎன் (அரசின் உயர்கல்விக் கடன் நிதி) கடனே இன்னும் தீரவில்லை. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவால் கூடுதல் ஓராண்டுக் கட்டணத்தைத் தாங்க இயலாது.

மூடப்பட்ட தனியார் கல்லூரியின் பாடத்திட்டத்துக்கு அதிகாரப்பூர்வச் சான்று பெற்ற அனுபவம் உள்ளவர்கள், அதை எந்த அலுவலகத்தில், எந்த ஆவணங்களைக் கொடுத்துப் பெற்றீர்கள் என்று கூற முடியுமா?