புதுப்பிப்பு: இறுகிய ஸ்டீயரிங்குக்குக் காரணம் கிடைத்தது
காரை பார்க்கிங்கில் திருப்பும்போது ஸ்டீயரிங் கல்லாய் இறுகுகிறது, ஸ்டீயரிங் எச்சரிக்கையின் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். மோட்டார் உதவியோடு திரும்பும் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் என்பதால் ஆயில் பேச்சே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் மோட்டாரோடு மொத்த அசெம்பிளியையும் மாற்றச் சொன்னார்கள்.

அந்தப் பதிவுக்குப் பதிலில் நீங்கள் சொன்னபடி முதலில் பேட்டரியைப் பார்த்தேன். அணைத்திருக்கையில் 12.6 வோல்ட், ஓடுகையில் 14.1, குறையில்லை. அப்புறம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பாடியிலும் வைத்துக்கொண்டு, தம்பியை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னேன். 0.9 வோல்ட்! இரண்டுக்கும் நடுவே வீணாகும் இந்த வோல்ட்டேஜ் 0.2-க்குள் இருக்க வேண்டியது. பேட்டரி நெகட்டிவை பாடியோடு இணைக்கும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பொடி. நின்ற இடத்தில் திருப்பும்போதுதானே மோட்டார் அதிகம் கரண்ட் இழுக்கும், அப்போது மட்டும் வோல்ட்டேஜ் சரிந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன், இப்போது 0.05. ஐந்து நாளாக விளக்கு எரியவில்லை.