"தரவு இல்லை, ஆகவே இழப்பீடு குறித்த கேள்வி எழவில்லை": இந்த மக்களவைப் பதிலை எப்படிப் படிப்பது?

தென்காசி வாசகன்:

கட்டடத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் பயிற்சி வகுப்புக்காக, தொழிலாளர் உரிமை, இழப்பீடு ஆகியவை பற்றி நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் அளித்த எழுத்துமூலப் பதில்களைத் திரட்டி வருகிறேன். அவற்றுள் 2020 செப்டம்பர் 14 அன்று மக்களவையில் தரப்பட்ட ஒரு பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொது முடக்கத்தின்போது ஊர் திரும்பும் வழியில் உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்றும், அவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு ஏதும் வழங்கப்பட்டதா என்றும் உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். அப்போது தொழிலாளர் துறைக்குத் தனிப்பொறுப்பு வகித்த இணையமைச்சர் சந்தோஷ் குமார் கங்வார், அத்தகைய தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றும், ஆகவே இழப்பீடு குறித்த கேள்வி எழவில்லை என்றும் பதிலளித்தார்.

ஆனால் அதே கூட்டத்தொடரில், சொந்த மாநிலங்களுக்குத் திரும்பியவர்கள் ஒரு கோடியே நான்கு லட்சத்துக்கும் மேல் என்றும், உத்தரப் பிரதேசத்துக்கு மட்டும் 32 லட்சத்துக்கும் அதிகமானோர் திரும்பினர் என்றும் இதே அமைச்சகம் மாநிலவாரியாகக் கணக்குக் கொடுத்தது. ஊர் போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கணக்கு இருக்கும்போது வழியில் மாண்டவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை? இப்படிப் பதிலளிப்பது அவை விதிகளுக்கு உட்பட்டதுதானா என்பதையும், இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் சட்டப்படி யார் என்பதையும் விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அவைக்குறிப்பு:

விதிமீறல் என்று சொல்ல இயலாது. பதிலின் வலுவைத் தீர்மானிப்பது அது எந்த வகைக் கேள்விக்குத் தரப்பட்டது என்பதே. நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக இருந்தால் அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் அங்கேயே துணைக் கேள்வி தொடுக்கலாம். "தரவு பராமரிக்கப்படவில்லை என்றால், பராமரிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது?" என்று ஒருவர் கேட்டிருந்தால் அமைச்சர் ஏதேனும் சொல்லியே ஆக வேண்டியிருந்திருக்கும். ஆனால் பெருந்தொற்றைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நீக்கப்பட்டிருந்தது. நட்சத்திரக் குறியிடாத கேள்விகளுக்கான எழுத்துமூலப் பதில்கள் மட்டுமே அவைமுன் வைக்கப்பட்டன. தாளில் வந்த பதிலிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது.

பயிற்சி வகுப்பில் வலியுறுத்த வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவைமுன் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொல்லியிருந்தால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். 1953 முதல் மக்களவையில் இயங்கி வரும் அரசு உறுதிமொழிக் குழு அதைக் கணக்கில் ஏற்றி, மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று அமைச்சகத்தை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். காலம் போதாதென்றால் அமைச்சகம் அந்தக் குழுவிடமே நீட்டிப்புக் கோர வேண்டும். "பராமரிக்கப்படவில்லை" என்று சொன்னால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பதில் எழுதித் தரும் அதிகாரிகளுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருக்காது என்பது என் கருத்து.

மக்களவையின் 55ஆம் விதிப்படி, அண்மையில் பதிலளிக்கப்பட்ட கேள்வி தொடர்பாக, அது எழுத்துமூலப் பதிலே ஆனாலும், அரை மணி நேர விவாதம் கோரி உறுப்பினர் அறிவிப்புத் தரலாம். அனுமதிப்பது அவைத்தலைவரின் விருப்பம்.

இழப்பீட்டு வழக்காடி:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2020இல் நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் வேலையளிப்பவரே தவிர அரசன்று. வேலையின் பொருட்டும் வேலையின்போதும் நேர்ந்த விபத்து என்பதை மெய்ப்பித்தால், இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கிக் கணக்கிட்டார்கள். முப்பது வயதுக்கான காரணி 207.98. கூலி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுக்கப்பட்ட உச்சவரம்பு 15,000 ரூபாய். ஆகவே 7,500ஐ 207.98ஆல் பெருக்க, 15,59,850 ரூபாய் வரும். அதற்கு முன்பு உச்சவரம்பு 8,000 ரூபாயாக இருந்தபோது இதே மனிதரின் குடும்பத்துக்கு 8,31,920 ரூபாய்தான் கிடைத்திருக்கும். ஒரு மாதத்துக்குள் கொடுக்கத் தவறினால் 12 விழுக்காடு வட்டியும், காரணமற்ற தாமதமானால் தொகையில் பாதி வரை தண்டமும் சேர்ந்தன.

நெடுஞ்சாலையில் நடந்து போகையில் இறந்தவர் வேலையில் இருந்தார் என்று சொல்ல முடியுமா என்பதுதான் சிக்கல். ஆனால் அப்போது நடைமுறையில் இருந்த 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள். அதன் 15ஆம் பிரிவு, போகவும் வரவும் பயணப்படியை ஒப்பந்ததாரர் கொடுக்க வேண்டும் என்றதோடு, பயண நாட்களுக்கும் பணியில் இருந்ததைப் போலவே கூலி உண்டு என்றது. இதை வைத்து வாதாட இடமுண்டு. கூலிக்குச் சொன்னதை விபத்துக்கும் நீட்ட நீதிமன்றம் இசையுமா என்பது வேறு.

அமைச்சரின் பதிலுக்கு நேர் எதிராக நிற்பவை அதே சட்டத்தின் 12, 16 ஆகிய பிரிவுகள். ஆளெடுத்த பதினைந்து நாட்களுக்குள் தொழிலாளரின் விவரங்களை இரு மாநில அதிகாரிகளுக்கும் ஒப்பந்ததாரர் தர வேண்டும்; தொழிலாளருக்குப் புகைப்படம் ஒட்டிய கையேடு தர வேண்டும்; உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் அறிவிக்க வேண்டும் என்றன அவை. தரவு இல்லை என்ற பதிலுக்குள், நாற்பது ஆண்டுகளாக ஒரு சட்டம் பெயரளவில் கிடந்தது என்ற ஒப்புதலும் அடங்கியிருக்கிறது.

முன்னாள் ஆய்வாளர்:

மேலே சொல்லப்பட்டதில் ஒரு திருத்தம் தேவை. 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்ததாரர் வழியாகத் திரட்டப்பட்டவர்களுக்கே பொருந்தியது. ஊர்க்காரர் ஒருவரின் தொலைபேசி அழைப்பை நம்பித் தாமாகவே ரயிலேறி வந்தவர்கள் அதற்குள் வரவே மாட்டார்கள். சாலையில் நடந்தவர்களில் பெரும்பாலோர் இத்தகையவர்கள்தாம் என்பது தொழிலாளர் துறையில் இருந்தவன் என்ற முறையில் என் கணிப்பு. மேலும், தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால், பெரும்பாலான தனியார் கட்டுமானத் தளங்களின் பதிவேடுகள் மாநில அதிகாரிகளிடமே இருந்தன. மத்திய அமைச்சகத்திடம் எண்ணிக்கை இல்லாதது வியப்பன்று. மாநிலங்களிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றுகூடச் சொல்லாததுதான் குறை.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். நான்கு நாட்கள் கழித்து, செப்டம்பர் 18 அன்று, புலம்பெயர் தொழிலாளரை ஊர் சேர்க்க இயக்கப்பட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் இறந்தோர் பற்றி மாநிலங்களவையில் எழுந்த கேள்விக்கு ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் அளித்த பதிலில், செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாகவும், 87 உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டதாகவும், 51 அறிக்கைகள் மாநிலக் காவல்துறையிடமிருந்து வந்ததாகவும் எண்கள் இருந்தன. ரயிலுக்குள் இறந்தால் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். அந்தப் பதிவேட்டைக் குறித்துக் கேட்டதால் எண் வந்தது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று மேற்சொன்ன இரண்டும் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தபின், தாமாக வந்தவர்களும் புலம்பெயர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வந்துவிட்டார்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும், நேரம், இடம், சூழல் ஆகியவற்றால் வேலையோடு தொடர்புடையதென நிறுவப்பட்டால், இழப்பீட்டுக்கு உரியது. ஆனால் "வீடு" என்பது தங்கியிருக்கும் தகரக் கொட்டகையா, பீகாரில் இருக்கும் ஊரா என்று யாரேனும் வழக்காடித்தான் தெரிய வேண்டும்.

தென்காசி வாசகன்:

மூவருக்கும் நன்றி. எங்கள் தொகுதி உறுப்பினரிடம் அடுத்த கூட்டத்தொடருக்காக ஒரு கேள்வியின் வரைவைக் கொடுக்க எண்ணியுள்ளோம். எத்தனை பேர் இறந்தனர் என்பதை விட்டுவிட்டு, மத்திய அரசின் ஆளுகைக்குட்பட்ட பணியிடங்களில் கடந்த மூன்று ஆண்டுகளில் வேலையளிப்பவர்கள் அனுப்பிய உயிரிழப்பு அறிவிப்புகள் எத்தனை, அவற்றுள் இழப்பீடு செலுத்தப்பட்டவை எத்தனை என்று மட்டும் கேட்கலாமா?

அவைக்குறிப்பு:

கேளுங்கள். கேள்வி 150 சொற்களைத் தாண்டாமல் இருக்கட்டும். குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பே அறிவிப்புப் போய்ச் சேர வேண்டும். அறிவிப்பு அனுப்பத் தவறியவர்கள் மீது தொடரப்பட்ட வழக்குகள் எத்தனை என்பதைத் தனி உட்பிரிவாக வையுங்கள். ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடக்கினால், "(அ) முதல் (ஈ) வரை" என்று மொத்தமாகச் சேர்த்து ஒரே பத்தியில் பதில் சொல்லிவிடுவார்கள்.