ஏலியன் ஹோமினிட்டை இன்றும் உலாவியில் விளையாட முடியுமா?

கேள்வி:
நண்பர்களே, 2002இல் நியூகிரவுண்ட்ஸ் தளத்தில் வெளியான, மஞ்சள் நிற வேற்றுக்கிரகவாசி கறுப்புக் கோட்டணிந்த எஃப்.பி.ஐ. ஆட்களைச் சுட்டபடியே தாவி ஓடும் அந்த விளையாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். உலாவியில் அதை இயக்கிவந்த ஃபிளாஷ் மென்பொருள் நிறுத்தப்பட்டபின் அதை விளையாட வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்திவிட்டாலும், ரஸ்ட் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட ரஃபிள் என்னும் எமுலேட்டர் (ஃபிளாஷைப் போலவே செயல்படும் மாற்று மென்பொருள்) அத்தகைய பழைய கோப்புகளை உலாவியிலேயே இயக்குகிறது.

மறுமொழி 2:
விசைகள் வேலை செய்யாவிட்டால் விளையாட்டுத் திரையின்மேல் ஒருமுறை சொடுக்குங்கள். இல்லையெனில் அம்புக்குறி விசைகள் பக்கத்தைத்தான் மேலும் கீழும் நகர்த்தும். இவ்வகை விளையாட்டில் ஒரே இடத்தில் நிற்பதுதான் ஆபத்து என்பதால், தாவிக்கொண்டே காற்றில் சுடப் பழகுங்கள்.

கேட்டவர்:
சொடுக்கியதும் சரியாகிவிட்டது. மிக்க நன்றி!