பக்கத்து வீட்டு மார்மன் பையன்களோடு என் மகன் ‘ட்ரெக்’ போகலாமா?

லீஹைவாசி_உமா:
அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து லீஹைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே அக்கம்பக்கம் பலர் மார்மன், கிறிஸ்தவத்தில் ஒரு தனிச் சபை. மகனுக்கு 15 வயது. புதன்கிழமை மாலை பக்கத்து வீட்டுப் பையன்கள் சர்ச் ஜிம்முக்கு பேஸ்கட்பால் ஆடக் கூட்டிப் போகிறார்கள். இதுவரை சரி. இப்போது ஜூலையில் மூன்று நாள் தள்ளுவண்டி இழுத்துக்கொண்டு நடக்கும் ‘ட்ரெக்’ ஒன்றுக்குக் கூப்பிடுகிறார்கள். கூட்டிப் போகும் இளைஞர் தலைவர் ரொம்ப நல்ல மனிதர், அதுதான் எனக்கு பயமே. என் மகனை மதம் மாற்றிவிடுவார்களா? அந்த வீட்டு மூத்த பையன் 18 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு இரண்டு வருடம் ‘மிஷன்’ (வெளியூரில் தங்கி அவர்கள் மதத்தைப் பரப்பும் வேலை) போகிறான். அதைப் பார்த்து இவனும் கிளம்பிவிடுவானோ?

சாண்டி_குமார்:
இலவசமாக பீட்சா போட்டால் நம் பையன்கள் எந்த மதத்துக்கும் போவார்கள், பீட்சா தீர்ந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள். கவலை வேண்டாம்.

ராஜமுந்திரி_எல்டர்:
உமா அக்கா, நான் கோவைக்காரன், இந்தச் சபையில் சேர்ந்தவன். நீங்கள் சொல்லும் அந்த ‘இளைஞர் தலைவர்’ வேலையை நான்கு வருடமாக இன்னொரு ஊரில் செய்கிறேன். அதனால் பக்கச்சார்போடுதான் பேசுவேன்.

முதலில் உங்கள் பயம். 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஞானஸ்நானம் கிடையாது. மிஷனுக்குப் போகவோ உறுப்பினராக இருக்க வேண்டும். ஆனால் ‘கூட்டத்துக்கு வாயேன்’ என்று கூப்பிடுவார்கள், அது நிச்சயம். நானும் கூப்பிடுவேன். வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள், முகம் சுளிக்க மாட்டோம். மென்மையாக மழுப்பினால்தான் அடுத்த வாரம் குக்கீஸோடு வருவோம்.

இந்த வேலைக்கு நான் மனுப் போடவில்லை. எங்கள் பிஷப் (உள்ளூர்ச் சபையின் தலைவர், வார நாளில் பல் டாக்டர், அவருக்கும் சபையில் சம்பளம் இல்லை) ஒரு ஞாயிறு கூப்பிட்டு, “பையன்களைப் பார்த்துக்கொள்வாயா?” என்றார். பெட்ரோல் காசும் என் கையிலிருந்துதான். வேலை என்ன? நாற்காலி அடுக்குவது, டை கட்டச் சொல்லித் தருவது, ஸ்டெப்னி மாட்டக் காட்டுவது. ஒரு புதன்கிழமை சப்பாத்தி போடச் சொல்லிக் கொடுத்தேன், 14 பையன்களும் 14 நாட்டு வரைபடம் போட்டார்கள். எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருந்தாக வேண்டும், அதை மட்டும் நீங்கள் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2019 முடியும் வரை பாய் ஸ்கவுட்ஸோடு இணைந்திருந்தார்களாம். பாட்ஜ் கணக்கு எழுதியே தேய்ந்தோம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நல்லவேளை, நான் இந்த வேலைக்கு அப்புறம்தான் வந்தேன்.

இனி மிஷன். ஆண்களுக்கு 24 மாதம். 2012 வரை 19 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த வருடம்தான் 18 ஆக்கினார்கள். எங்கே போகிறோம் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நான் 2007-இல் போனேன், பெங்களூர் மிஷனில் பெரும்பாலும் ராஜமுந்திரி. காலை ஆறரைக்கு எழுவது, இரவு பத்தரைக்கு விளக்கணைப்பது. ஜோடியாகத்தான் எங்கேயும் போக வேண்டும், குளியலறை தவிர தனியாக இருக்க முடியாது. என் ஜோடி ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணை வீட்டுப் பையன். ஆவக்காய் ஊறுகாயை ஜாம் மாதிரி ரொட்டியில் தடவித் தின்று இரண்டு நாள் படுத்தான்.

அப்போது வீட்டுக்கு ஃபோன் வருடத்தில் இரண்டே தடவை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். என் அம்மாவுக்கு அன்னையர் தினம் என்றால் என்னவென்றே தெரியாது. மே மாதத்து ஞாயிறு திடீரென்று என் குரல் கேட்டதும், “யாருக்கு என்னடா ஆச்சு?” என்று அழ ஆரம்பித்துவிட்டார். 2019-இலிருந்து வாராவாரம் பேசலாம். அந்த விதி என் அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடம் லேட்.

பத்து மாதம் நான் சொன்னதைக் கேட்டு யாரும் சேரவில்லை. ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் வாரம் தவறாமல் கூப்பிடுவார், மோர் தருவார், என் தெலுங்கைத் திருத்துவார், அவ்வளவுதான். இன்று நான் பையன்களோடு பேசும் பொறுமை அவரிடம் கற்றது.

ஓரெம்_மீனா:
அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டார். என் மகளின் தோழிகள் எல்லாரும் ஒரே வார்டு (அவர்களுடைய உள்ளூர்ச் சபை). பள்ளியை ஒட்டியே செமினரி (சபையின் மத வகுப்பு) கட்டிடம், பாட வேளையிலேயே ஒன்றாக எழுந்து போவார்கள், இவள் தனியாக நிற்பாள். யாரும் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. அதுதான் கஷ்டம்.

ராஜமுந்திரி_எல்டர்:
மீனா, ஒத்துக்கொள்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்கும் அது உண்டு. ஆண் பிள்ளைக்கு மிஷன் கடமை என்றே வளர்க்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் பதற்ற நோயால் நான்கு மாதத்தில் திரும்பி வந்தான். “சீக்கிரமே வந்துட்டியே?” என்று விசாரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் அவன் ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவனோடு காரில் ஊரைச் சுற்றிச் சோடா குடித்ததுதான் என் நான்கு வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை.

லீஹைவாசி_உமா:
நன்றி தம்பி. அனுப்பலாம் என்று இருக்கிறேன். அந்தத் தள்ளுவண்டி எதற்கு? காபி கொடுத்து அனுப்பலாமா, இவனுக்குக் காலையில் வேண்டும்.

ராஜமுந்திரி_எல்டர்:
1856-இல் வண்டி மாடு வாங்கக் காசில்லாத குடியேறிகள் கைவண்டி இழுத்து யூட்டாவுக்கு வந்தார்கள். தாமதமாகக் கிளம்பிய இரண்டு குழுக்கள் வயோமிங் பனியில் சிக்கி 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் நினைவு. எட்டு, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தம்பதி ‘மா, பா’ என்று வருவார்கள். போன தடவை நானும் என் மனைவியும் போனோம்.

காபி எங்கள் சபை விதிப்படி கூடாது, அங்கே கிடைக்காது. தலைவலி வராமல் இருக்க ஒரு வாரம் முன்பே குறைக்கச் சொல்லுங்கள். புது ஷூ வேண்டாம், பழகிய ஷூ, சாக்ஸ் ஆறு ஜோடி. சைவம் என்றால் இன்றே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்று நாளும் ரொட்டிதான்.