கரு பதிவதற்கு முன்பு பேருந்துக் குலுக்கலில் நழுவிவிடுமா?

கேள்வி: இராயக்கோட்டை வாசகி

வணக்கம். நான் இராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் சென்று வருகிறேன். சென்ற மாதம் மாதவிலக்கு தள்ளிப்போனதால் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்தேன். இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தது. அந்த வாரம் முடிவதற்குள் உதிரப்போக்கு வந்துவிட்டது. கரு தொடக்கத்திலேயே வளராமல் நின்றுவிட்டது என்றும், தனியாகச் சிகிச்சை எதுவும் தேவையில்லை என்றும் மருத்துவர் கூறினார். ஆனால் பேருந்துக் குலுக்கலில்தான் கரு நழுவியது என்று வீட்டுப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். முந்தைய வாரம் நான் பப்பாளிப் பழம் சாப்பிட்டதையும் காரணமாகக் காட்டி, வேலையை விட்டுவிடச் சொல்கிறார்கள். கருவுற்ற நாள் முதல் கருப்பையில் பதியும் வரை கரு எங்கே இருக்கிறது, எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது? குலுக்கலில் அது நழுவ வழி உண்டா?

பதில்: பாலக்கோடு, உயிரியல் ஆசிரியர்

சகோதரிக்கு வணக்கம். நழுவ வழியில்லை. மேல்நிலை வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் வீட்டாருக்கும் படித்துக் காட்டலாம்.

சினைப்பையிலிருந்து வெளிவந்த கருமுட்டை ஏறத்தாழ ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். விந்தணுக்களோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாட்கள் வரை தாங்கும். இரண்டும் சேர்வது கருப்பையில் அன்று, கருக்குழாயின் அகன்ற பகுதியில். ஒரு விந்தணு உள்ளே நுழைந்தவுடன் முட்டையைச் சுற்றியுள்ள சோனா பெலுசிடா என்னும் உறை மாற்றமடைந்து, மற்ற விந்தணுக்களுக்கு வழியை அடைத்துவிடுகிறது. ஏறக்குறைய ஒரு நாள் கழித்து முதல் செல் இரண்டாகிறது. மூன்றாம் நாளில் எட்டு செல்கள் அளவில் இருக்கும். அதன்பின் மொருலா என்னும் திரண்ட பந்தாகிறது. செல்கள் பெருகினாலும் உறைக்குள்ளேயே இருப்பதால் மொத்த அளவு கூடுவதில்லை; அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கருக்குழாயின் நுண்ணிழைகளும் தசை அசைவும் அதை நகர்த்த, மூன்று அல்லது நான்காம் நாளில் கருப்பைக்குள் வந்து சேர்கிறது. இது வரை அது எதையும் பற்றிக்கொண்டிருக்கவில்லை என்பது உண்மையே.

பெரியவர்களின் அச்சம் இங்கேதான் பிறக்கிறது. கருப்பையை அவர்கள் வெற்றுப் பாத்திரமாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அதன் முன்சுவரும் பின்சுவரும் கூப்பிய இரு உள்ளங்கைகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. இடையே இருப்பது மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே. கண்ணுக்கு எட்டாத அந்தச் சிறு பந்து அதிலிருந்து குலுங்கி விழ இடமே இல்லை. சோதனைக் குழாய் முறையில் கருவைக் கருப்பையில் வைத்த பிறகு படுத்தே இருப்பதால் பயன் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

ஐந்தாம் நாளில் கரு பிளாஸ்டோசிஸ்ட் நிலையை அடைகிறது. உள்ளே குழந்தையாக வளரவேண்டிய செல் திரளும், வெளியே நச்சுக்கொடிக்கு அடிப்படையாகும் டிரோபோபிளாஸ்ட் அடுக்கும் பிரிந்து தெரியும். பின்னர் உறையைக் கிழித்து வெளிவந்து, ஆறு அல்லது ஏழாம் நாளில் கருப்பை உட்சுவரில் ஒட்டத் தொடங்கி, உள்ளே துளைத்துச் செல்கிறது. இரண்டாம் வார இறுதிக்குள் முழுமையாகப் புதைந்துவிடும்.

உங்கள் நிலையில் மிக முக்கியமானது இனி வருவது. பரிசோதனையில் கோடு விழச் செய்யும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரப்பது அந்த டிரோபோபிளாஸ்ட் அடுக்குதான். கரு பதிந்த பிறகே அது தாயின் இரத்தத்தில் அளவிடத்தக்க அளவில் சேரும். ஆகவே உங்களுக்கு மங்கலாகவேனும் கோடு தெரிந்தது என்றால், அதற்கு முந்தைய பயணங்களையெல்லாம் கடந்து உங்கள் கரு பதிந்திருந்தது என்றே பொருள். பதிந்த பின் தொடக்கத்திலேயே நின்றுபோகும் கருக்களில் பெரும்பகுதிக்கு குரோமோசோம் எண்ணிக்கையில் நேரும் பிழையே காரணம். அந்தப் பிழை பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே நேர்ந்துவிடுகிறது. உங்களைக் குற்றம் சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை.

பதில்: பென்னாகரம், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்

ஆசிரியர் எழுதியது சரி, அம்மா. பப்பாளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காயின் பால் எலிகளின் கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்ததாக ஆய்வு உண்டு. நன்கு பழுத்த பழத்துக்கு அந்த விளைவு காணப்படவில்லை. காயைத் தவிர்த்துவிடுங்கள், பழம் சாப்பிட்டதற்காக வருந்த வேண்டாம்.

கருத்தரிக்க எண்ணும்போதே ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்குங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருவுற்ற நான்காம் வாரத்திலேயே மூடிவிடும்; பலர் கர்ப்பத்தை அறிவதே அந்த நேரத்தில்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சில வேளைகளில் கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே பதிந்துவிடும். பரிசோதனையில் கோடு விழுந்த பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம், உதிரப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டில் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

இராயக்கோட்டை வாசகி

இருவருக்கும் நன்றி. கோடு மங்கலாக இருந்ததற்குக் கரு பிந்திப் பதிந்தது காரணமாக இருக்குமா? அடுத்த முறையும் இப்படியே ஆகிவிடுமோ என்பதுதான் என் பெரிய கவலை.

பதில்: பாலக்கோடு, உயிரியல் ஆசிரியர்

இருக்கலாம். அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரங்களைத் தாண்டி நீடித்த கர்ப்பங்களில் 84 விழுக்காடு, முட்டை வெளியேறிய 8 முதல் 10 நாட்களுக்குள் பதிந்தவை. ஒன்பதாம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 விழுக்காடும், பதினொன்றாம் நாளில் பதிந்தவற்றில் 52 விழுக்காடும் தொடக்கத்திலேயே கலைந்தன. கருவின் வளர்ச்சி மெதுவாக இருந்ததா, கருப்பைச் சுவர் அதை ஏற்கும் காலம் தாண்டிவிட்டதா என்பதை ஒரு கோட்டை வைத்துக் கூற முடியாது.

அதே குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கவலைக்கு நேரடி விடை தருகிறது. அதில் கண்டறியப்பட்ட கர்ப்பங்களில் 22 விழுக்காடு, பெண்கள் கர்ப்பம் என்று அறிவதற்கு முன்பே முடிந்துபோயின. அவ்வாறு இழந்த பெண்களில் 95 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் கருத்தரித்தனர். வேலையை விடத் தேவையில்லை. அடுத்து எப்போது முயலலாம் என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.