14,500 ரூபாய் கேபிளில் மிருதங்கத் தொப்பி நன்றாகக் கேட்கிறது: நிஜமா, பிரமையா?

திருச்சி_ராத்திரி:
வணக்கம். என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோன், கூடவே வந்த 3 மீட்டர் கேபிள். மேசையில் ஒரு டாக்-ஆம்ப் (டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றி, ஹெட்ஃபோனுக்குப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி). அதன் முகப்பில் 6.35 மி.மீ. சாதா துளை ஒன்று, 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளை ஒன்று. இரண்டாவதை இதுவரை தொட்டதே இல்லை, அதற்கான கேபிள் கிடையாது.

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் கேபிளை "கேட்டுப் பாருங்க" என்று கொடுத்தார். வெள்ளி முலாம் பூசிய தாமிரம், எட்டு இழைப் பின்னல், 4.4 பிளக். விலை 14,500. குழந்தை தூங்கின பிறகு (எழுந்து அழுதால் காதில் விழவேண்டும் என்பதால் சத்தம் குறைவாகத்தான் வைப்பேன்) ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டேன். தனி ஆவர்த்தனத்தில் தொப்பிப் பக்கம் (மிருதங்கத்தின் அடிநாதம் வரும் இடப்பக்கம்) 'கும்'மென்று இறங்கியது. பழைய கேபிளுக்கு மாற்றினால் எல்லாமே போர்வைக்குள் போய்விட்ட மாதிரி. மூன்று ராத்திரி பார்த்துவிட்டேன், மூன்று ராத்திரியும் அப்படித்தான்.

வீட்டில் சொன்னேன். "ஒரு ஒயருக்கா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. வாங்கலாமா?

வெள்ளிநாதம்:
யோசிக்காம வாங்குங்க ப்ரோ. வெள்ளி என்றாலே மேல் ஸ்தாயி திறந்துவிடும். 100 மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்க, இன்னும் பிரமாதமா இருக்கும்.

கணக்கன்:
100 மணி நேரத்தில் மாறுவது கேபிள் இல்லை, காது. அதோடு, திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்திருக்கும்.

ஈயப்பற்று:
தம்பி, நீங்கள் கேட்டது பிரமை என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டிருக்கும். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டை மாற்றிவிட்டீர்கள். கம்பியையும் மாற்றினீர்கள், துளையையும் மாற்றினீர்கள்.

பேலன்ஸ்டு துளையில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஆம்ப் எதிரெதிராக நின்று இழுக்கும். அதனால் பல கருவிகளில் 6.35-இல் வருவதைப்போல இரண்டு மடங்கு வோல்டேஜ் 4.4-இல் வரும். இரண்டு மடங்கு என்றால் 6 டெசிபெல். வால்யூம் குமிழை நகர்த்தாமல்தானே மாற்றினீர்கள்? மெதுவாகக் கேட்கும்போது காதுக்கு முதலில் எட்டாமல் போவது அடிநாதம். சத்தம் ஏறினால் முதலில் திரும்பி வருவதும் அதுதான். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து வளைகோடாகப் போட்டுவிட்டார்கள். குழந்தைக்காகச் சத்தம் குறைத்து வைப்பவருக்குத் தொப்பி திடீரென்று எழுந்து வந்ததில் அதிசயமில்லை.

இனி கம்பி. உங்கள் ஹெட்ஃபோனின் மின்தடை 300 ஓம். கேபிள் போகவர 1 ஓம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 301-இல் 1 போனால் இழப்பு 0.03 டெசிபெல். இதைக் காதால் பிடிக்கிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை. வெள்ளியின் மின்தடை தாமிரத்தைவிட 5 சதவீதம் சொச்சம்தான் குறைவு. தாமிரத்தையே இம்மி பெருத்த கம்பியாக எடுத்தால் கணக்கு சரியாகிவிடும். விளம்பரத்தில் ஸ்கின் எஃபெக்ட், அதாவது மின்சாரம் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடும் என்று போட்டிருப்பார்கள். 20,000 ஹெர்ட்ஸில்கூட மின்சாரம் தாமிரத்துக்குள் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கும். ஹெட்ஃபோன் கம்பியின் இழை அதைவிட மெல்லிசு. கம்பி முழுக்க ஓடத்தான் செய்யும்.

நான் டேப் ரிக்கார்டர் காலத்திலிருந்து ஈயம் பற்ற வைக்கிறவன். அப்போது ஒருத்தர் தங்க முலாம் போட்ட ஜாக் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டித்தரச் சொன்னார். பெட்டியைத் திறந்தபோது டேப் உரசும் ஹெட்டில் காவி நிறத்தில் அழுக்கு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, அவர் ஜாக்கையும் மாட்டிக்கொடுத்தேன். மறுநாள் வந்து, "தங்கம் தங்கம்தான்யா" என்றார். கூலி வாங்கினவன் என்ன சொல்வது, சிரித்துவைத்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செய்து பாருங்கள். 4.4 பிளக்கை உள்ளே வாங்கி 6.35 ஆக வெளியே கொடுக்கும் அடாப்டர் ஒன்று வாங்கி, நண்பரின் கேபிளையும் அதே 6.35 துளையிலேயே போடுங்கள். தலைகீழான அடாப்டரை, அதாவது சாதா பிளக்கை 4.4 துளையில் சொருகுவதை, எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். இரண்டு பக்கத்து மைனஸும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், ஆம்ப் போய்விடும். பிறகு வீட்டில் யாரையாவது மாற்றித்தரச் சொல்லி, எந்தக் கேபிள் என்று நீங்கள் பார்க்காமல் 16 தடவை சொல்லுங்கள். 12 சரியாக வந்தால் கேபிளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் 12 விழ 100-க்கு 4 வாய்ப்புதான்.

வெள்ளிநாதம்:
சார், மரியாதையோட சொல்றேன். எல்லாமே கணக்கு இல்ல. என் இயர்போனில் கேபிள் மாற்றினப்போ வித்தியாசம் அப்பட்டமா தெரிஞ்சது. போனில் சொருகுற ஒரே டாங்கிள், அதுல ஒரே 3.5 மி.மீ. துளை, வால்யூமும் சரிபார்த்தேன்.

ஈயப்பற்று:
உங்களுடையது பல டிரைவர் (உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர்) போட்ட இயர்போனா? அப்படியானால் நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். அதுவும் கணக்குதான்.

அந்த வகையில் இம்பீடன்ஸ், அதாவது ஒலி மின்சாரத்துக்கு வரும் தடை, எல்லா ஸ்தாயியிலும் ஒரே மாதிரி இருக்காது. ஓரிடத்தில் 5 ஓம், இன்னோரிடத்தில் 15 ஓம் என்று அலையும். 1 ஓம் கேபிள் போட்டால் 5 ஓம் இடத்தில் 1.6 டெசிபெல் போகும், 15 ஓம் இடத்தில் 0.6 மட்டும். நடுவில் 1 டெசிபெல் சாய்வு. குமிழைத் திருப்பி இதைச் சரிக்கட்ட முடியாது, பாட்டின் நிறமே மாறும். ஆனால் மெல்லிசான கம்பிக்குப் பதில் கொஞ்சம் பெருத்த தாமிரம் போட்டாலும் இதே மாற்றம் வரும். அதற்கு வெள்ளி வேண்டாம். அதோடு 3.5-இல் இரண்டு காதுக்கும் திரும்பும் கம்பி ஒன்றாக இருந்தால் இடது கொஞ்சம் வலதில் கசியும். தனித்தனியாக வந்தால் குறையும். சட்டையில் உரசும்போது காதுக்குள் கரகரவென்று கேட்குமே, அதுவும் கேபிளுக்குக் கேபிள் மாறும். என்னைக் கேட்டால் காசு கொடுக்கத் தகுந்த ஒரே வித்தியாசம் அந்தக் கரகரப்புதான்.

வெள்ளிநாதம்:
ஒரு பக்கத்துக்கு ஆறு டிரைவர் சார். பழைய கேபிள் நூல் மாதிரிதான் இருக்கும். சரி, மீட்டர் வச்சுப் பார்க்கிறேன்.

திருச்சி_ராத்திரி:
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன் அண்ணா. வீட்டம்மாதான் மாற்றிவிட்டாள். முதல் 4 தடவையும் சரி! துள்ளிக் குதித்தேன். அவள்தான் கண்டுபிடித்தாள்: அந்தப் பின்னல் கேபிள் கனமாகக் கழுத்தில் உரசுகிறது, நான் காதால் சொல்லவில்லை, தோலால் சொல்கிறேன் என்று. தோளைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். 16-இல் 9. அதிலும் ஏழாவதுக்குப் பிறகு வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்.

அப்புறம் பழைய கேபிளிலேயே குமிழை ஏற்றி அந்தத் தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். தொப்பி வந்துவிட்டது. நடுவில் குழந்தை அழுததுதான் கேட்கவில்லை, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேபிளை நாளைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். நண்பரிடம் 9 என்று சொல்வதா வேண்டாமா என்றுதான் யோசனை. இன்னொரு ஜோடிக்கும் அவர் ஆர்டர் போட்டிருக்கிறார்.

ஈயப்பற்று:
ஆர்டரைக் கேன்சல் செய்ய நாள் இருந்தால் சொல்லுங்கள். அனுப்பிவிட்டார்கள் என்றால், "நல்லா இருந்தது" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.