முகாம் முடிந்த பிறகும் வந்தவர்கள்

பெரும்பாக்கத்திலிருந்து:

நாங்கள் சென்னையில் சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றங்கரையில் இருந்தவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, நகருக்கு வெளியே அரசு கட்டிய பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தோம். அந்த வெள்ள வாரத்தில் எங்களுக்கு யார்தான் உதவவில்லை! கல்லூரிப் பிள்ளைகள், பள்ளிவாசல், சர்ச், கோயில், ரோட்டரி, லயன்ஸ் மாதிரி சேவைச் சங்கங்கள் என்று எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலமும் பாயும் போர்வையுமாக வந்தார்கள். அதை உயிருள்ளவரை மறக்க மாட்டோம். ஆனால் புயலும் வெள்ளமும் இல்லாத ஒரு சாதாரண வருடத்தில், டிவிக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்காத நேரத்தில் நடந்த ஒரு கண் முகாமைப் பற்றி எழுதத்தான் இப்போது ஆசை.

எங்கள் பிளாக் எட்டு அடுக்கு. லிஃப்ட் ஓடாத நாளில் மேல் வீடுகளில் இருக்கும் வயதானவர்கள் கீழே இறங்குவதே இல்லை. பார்வை மங்கியவர்களுக்குப் படியில் கால் வைக்கவே பயம். கண்புரை ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம் என்று எல்லாருக்கும் தெரியும். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819லிருந்து இருக்கிறது. கூடப் போவதற்குத்தான் ஆள் கிடையாது. மகளும் மருமகளும் விடிந்தால் பழைய ஏரியாவுக்கே வீட்டு வேலைக்கு பஸ் ஏறுகிறார்கள். 2021லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அதாவது முடிகிறது. லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. பரிசோதனைக்கு ஒரு நாள், ஆபரேஷனுக்கு ஒரு நாள், கட்டுப் பிரிக்க ஒரு நாள் என்றால் எந்த வீட்டால் தாங்க முடியும்?

முகாம் வைத்த லயன்ஸ் சங்கத்துக்காரர்கள் முதலில் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். "எந்தக் கிழமை வெச்சா உங்களுக்குச் சௌகரியம்?" என்று கேட்டார்கள். ஞாயிறு என்றோம். அடுத்த கேள்வி, "கீழே இறங்க முடியாதவங்க யார் யார்?" இதை அதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. குழுப் பெண்கள் வீடு வீடாக ஏறிப் பெயர் எழுதினோம். முகாம் அன்று எங்கள் பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஒவ்வொருவராக இறக்கினார்கள்.

பார்வை, பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்து, புரை முற்றியவர்களை அன்றே வேனில் ஏற்றினார்கள். சர்க்கரை கூடுதலாக இருந்தவர்களுக்கு அன்று ஆபரேஷன் கிடையாது, குறைந்த பிறகுதான். பொதுவாக முகாம்களில் ஆட்கள் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். "அப்புறம் வாங்க" என்று சொல்லிவிடுவார்கள், அவர்கள் வரவே மாட்டார்கள். இவர்கள் அந்தப் பெயர்களைத் தனியாக வைத்துக்கொண்டு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று எங்கள் குழு மூலம் விசாரித்து, சர்க்கரை இறங்கியதும் மறுபடி வேன் அனுப்பினார்கள். சொட்டு மருந்தை எத்தனை வேளை விடுவது, தலைக்கு எப்போது ஊற்றிக்கொள்வது, அடுப்புப் புகையில் நிற்கலாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். சில வாரம் கழித்து அளவெடுத்த கண்ணாடியைக் கொடுக்கவும் அவர்களே படியேறினார்கள்.

மேல் மாடி ஆயா ஒருத்தர் வேனில் ஏற மறுத்துவிட்டார். "கத்தி வெச்சு இருக்கிற பார்வையும் போயிடுச்சுன்னா?" என்று அழுதார். சங்கத்தில் ஒரு ரிடையர்ட் டீச்சரம்மா உண்டு. அவர் அவசரப்படுத்தாமல் தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, "எங்க அம்மாவுக்கும் பண்ணினோம் ஆயா. வாங்க, ராத்திரி நான் உங்க கூடவே படுத்துக்கறேன்" என்றார். சொன்னபடியே ஆஸ்பத்திரியில் தங்கினார். அந்த ஆயா இப்போது ரேஷன் கடைப் பலகையில் இருப்பு எவ்வளவு என்று படித்து எங்களுக்குச் சொல்கிறார்.

சங்கத்துக்காரர்கள் உதவி கொடுக்கும்போது போட்டோ எடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, அவர்களும் மேலே கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் ஜூன் மாதம் ஒரே பிள்ளைக்கு மூன்று சங்கங்கள் ஸ்கூல் பை கொடுத்துவிட்டுப் போகின்றன, மழைக்காலத்தில் அதே பிள்ளைக்குக் காலில் செருப்பு இல்லை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் போதுமே.

தாம்பரத்திலிருந்து:

அக்கா, நான் ரோட்டரியில் இருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ரோட்டரியிலும் லயன்ஸிலும் ஜூலை 1ஆம் தேதி புதுத் தலைவர் பொறுப்பேற்பார். ஒரு வருடம்தான். போன தலைவர் தொடங்கியதை அடுத்தவர் தொடர்ந்தால் உண்டு, இல்லையென்றால் அத்தோடு நின்றுவிடும். எனவே கேட்பவர்கள் வருடக் கடைசியில் கேட்காமல், திட்டம் போடும் ஜூலை, ஆகஸ்டிலேயே குழு லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள். பெயர்ப் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்தால் அதைத் தட்டிக் கழிப்பது எங்களுக்கும் கஷ்டம்.

தலைவர்கள் மாறினாலும் வேலை நிற்காமல் நடக்கும் என்பதற்குப் போலியோ ஒழிப்பு வேலையே சாட்சி. ரோட்டரி 1985இல் கையில் எடுத்தது. நான் சேர்ந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு சொட்டு மருந்து முகாமில் நின்று, குழந்தைகளின் சுண்டுவிரலில் மை வைத்திருக்கிறேன். 2011 ஜனவரியில் இந்தியாவின் கடைசி நோயாளி, 2014 மார்ச்சில் போலியோ இல்லை என்ற அறிவிப்பு. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் கூட்டத்தில் வயதான உறுப்பினர்கள் கண்கலங்கினார்கள்.

திருவல்லிக்கேணியிலிருந்து:

வருடா வருடம் நிற்காமல் நடக்கும் உதவி எங்கள் பக்கமும் ஒன்று உண்டு. எங்கள் பெரிய பள்ளிவாசலுக்கு ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்க மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையிலிருந்து சாப்பாடு வரும். பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தொடங்கி வைத்தது, பல பத்தாண்டுகளாக நடக்கிறது. முழுக்கச் சைவச் சமையல். தலையில் தொப்பி வைத்துக்கொண்டு தொண்டர்களே பரிமாறுகிறார்கள். நான் சின்னப் பையனாக உட்கார்ந்து சாப்பிட்ட வரிசையில் இப்போது என் மகன் உட்காருகிறான். பரிமாறுகிறவர்களில் சிலர் வீட்டுப் பெரியவர்களைப் போல, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோப்பா, படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்பார்கள். எங்களுக்கு நோன்பு என்றால் அந்த முகங்களும் சேர்த்துத்தான்.

பெரும்பாக்கத்திலிருந்து:

ரொம்ப நன்றி அண்ணா, ஜூலையிலேயே எழுதிக் கொடுக்கிறோம். இந்த முறை காது கேட்காதவர்களுக்காகக் கேட்கலாம் என்று குழுவில் பேசியிருக்கிறோம், பெயர் எழுதத் தொடங்கியாயிற்று. எங்களைப் போலவே இடம் மாறி வந்தவர்கள் இருக்கும் செம்மஞ்சேரி, கண்ணகி நகர்ப் பக்கம் காது மெஷின் வாங்கிய பெரியவர்கள் இருந்தால், பேட்டரி தீர்ந்தால் மாற்றித் தருவது யார், மெஷின் பழுதானால் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். கடிதத்தில் அதையும் சேர்த்தே கேட்டுவிடலாம்.